டிரஸ்டிடம் கிளப் 60,000 பவுண்ட் கேட்கிறது, பதிலுக்கு போர்டில் ஓர் இடம். ஒப்புக்கொள்ளலாமா?

கிழக்கு ஸ்டாண்ட்:

இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாம் படியான நேஷனல் லீகில் ஆடும் ஒரு கிளப்பின் ஆதரவாளர் டிரஸ்டில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கிளப் பெயர் இங்கே வேண்டாம். டிரஸ்ட், கூட்டுறவு மற்றும் சமூக நலச் சங்கங்கள் சட்டப்படி நிதி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.ஏ.வில் பதிவானது. ஆளுக்கு 1 பவுண்ட் பங்கு, எத்தனை பங்கு இருந்தாலும் ஒரே ஓட்டு. உறுப்பினர்கள் ஆயிரத்துச் சொச்சம். கிளப் கம்பெனியில் டிரஸ்டுக்கு 11% பங்கு உண்டு. மீதியில் பெரும்பகுதி ஒரே முதலாளியின் கையில்.

மைதானத்தில் தண்ணீர் வடிவதில்லை, மழைக்காலத்தில் ஆட்டங்கள் தள்ளிப்போகின்றன. வடிகால் வேலைக்கு டிரஸ்ட் 60,000 பவுண்ட் தர வேண்டும் என்று சேர்மன் கடிதம் கொடுத்திருக்கிறார். கொடுத்தால் டிரஸ்டின் ஆள் ஒருவரை டைரக்டராகச் சேர்த்துக்கொள்வார்களாம். ஆனால் போர்டில் பேசுவது எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வேண்டுமாம். உறுப்பினர்களோ, "நம்ம ஆள் உள்ளே போனால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று காத்திருக்கிறார்கள்.

பணத்தை நன்கொடையாகக் கொடுப்பதா, கடனாகவா, பங்குக்காகவா? அந்த டைரக்டர் பதவியால் உண்மையில் என்ன பயன்? மைதானத்தை முதலாளி தன் வேறொரு கம்பெனி பெயருக்கு மாற்றிவிட்டார் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. அதற்கு ஏதாவது காப்பு உண்டா?

கணக்குப்பிள்ளை:

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேர்மன் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் உங்கள் சங்க விதிகளைப் படியுங்கள். குழுவே முடிவெடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு இருக்கிறதா, கிளப்புக்குப் பணம் தர உறுப்பினர் ஓட்டு தேவையா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும். வரம்பு இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய தொகையைப் பொதுக்கூட்டத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

நன்கொடை கொடுத்தால் போனது போனதுதான். கிளப் கணக்கில் விழுந்த அடுத்த நாளே அது சம்பளத்துக்கும் போகலாம், பழைய வரி பாக்கிக்கும் போகலாம். "வடிகாலுக்கு மட்டும்" என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால் போதாது. வேலை நடக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு தனி ஒப்பந்தம் போட்டு, வேலை முடிய முடிய மூன்று தவணையாக விடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒப்பந்தக்காரரின் பில்லும் அதுவரை நடந்த வேலைக்குச் சான்றும் வேண்டும்.

இதில் பலரும் சறுக்குவது வாட் வரியில். "கிளப்பை நம்ப முடியாது, ஒப்பந்தக்காரருக்கு நாமே நேராகக் கட்டிவிடுவோம்" என்று தோன்றும். பில் டிரஸ்ட் பெயரில் வந்தால் 60,000 என்பது 20% வாட் சேர்ந்து 72,000 ஆகும். டிரஸ்ட் வாட்டில் பதிவாகாதது என்றால் அந்த 12,000 திரும்பி வராது. டிக்கெட் விற்கும் கிளப் வழக்கமாக வாட்டில் பதிவானது, அது திரும்பக் கேட்க முடியும். ஆகவே பில் கிளப் பெயரில் இருக்கட்டும். டிரஸ்ட் வாட் நீங்கலான தொகையை மட்டும் தரட்டும்.

கடன் என்றால், ஈடு இல்லாத கடனும் நன்கொடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளப் நொடித்து, அதை ஏற்று நடத்த வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கைக்குப் போனால் முதலில் ஈடு பிடித்தவர்கள் வருவார்கள். 2020 டிசம்பர் முதல் வாட், ஊழியர் வருமான வரிப் பிடித்தம் போன்றவற்றுக்கு வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கும் முன்னுரிமை உண்டு. போட்டியில் தொடர்ந்து ஆட வேண்டுமானால் வீரர்கள், மற்ற கிளப்புகள் ஆகியோரின் பாக்கியை முழுதாகத் தீர்க்க வேண்டும் என்பது கால்பந்து விதி. டிரஸ்ட் இவர்களுக்கெல்லாம் பின்னால், பிரிண்டிங் பிரஸ்காரரோடும் பேக்கரிக்காரரோடும் வரிசையில் நிற்கும்.

ஈட்டோடு கடன் தருவதென்றால் அந்த ஈட்டை 21 நாளுக்குள் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸில் பதிய வேண்டும். தவறினால் கிளப் திவாலாகும்போது அந்த ஈடு செல்லாது. பதியும் முன், முதலாளி தன் கடனுக்கு ஏற்கெனவே ஈடு பிடித்திருக்கிறாரா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள், இலவசம்தான். இருந்தால் உங்கள் ஈடு இரண்டாம் இடம். அவர் எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை அதற்கு மதிப்புக் குறைவு.

பங்கு வாங்குவது பாதுகாப்பானது போலத் தோன்றும், ஆனால் அதில்தான் சூட்சுமம் அதிகம். கம்பெனியில் 10 லட்சம் பங்கு, அதில் டிரஸ்டுக்கு 1,10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு ஒரு பவுண்ட் விலையில் இன்னும் 60,000 வாங்கினால் சுமார் 16% ஆகிவிடும், சந்தோஷம். அடுத்த வருடம் முதலாளி தான் கொடுத்த 10 லட்சம் பவுண்ட் கடனைப் பங்காக மாற்றினால் மொத்தம் 20,60,000. உங்கள் 16% ஒரே கையெழுத்தில் 8 சொச்சத்துக்கு வந்துவிடும். புதுப் பங்கு வெளியிட்டால் பழைய பங்குதாரருக்கு முதலில் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 75% ஓட்டு இருந்தால் அதை விலக்கிவிடலாம். அதைத் தடுக்க உங்களுக்கு 25%-க்கு மேல் வேண்டும்.

11% வீண் என்று நினைத்துவிட வேண்டாம். 5% இருந்தாலே பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். 10% இருந்தால், சிறிய கம்பெனி என்று ஆடிட் இல்லாமல் கணக்குக் காட்டும் கிளப்பையும் ஆடிட் செய்யச் சொல்லலாம். 2006 கம்பெனிச் சட்டத்தின் 476-ஆம் பிரிவு அது. டிரஸ்டின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அதுதான் என்பது என் கருத்து. 10%-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

டச்லைன்:

கணக்குப்பிள்ளை சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. நிலம் யாருடையது? வடிகால் குழாய் மண்ணுக்குள் போவது, நாளை தோண்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. நிலம் முதலாளியின் இன்னொரு கம்பெனியுடையது என்றால் ஆதரவாளர்கள் 60,000 பவுண்ட் போட்டு வீட்டுக்காரரின் சொத்து மதிப்பைக் கூட்டித் தருகிறார்கள், கிளப்புக்கு ஒன்றும் சேரவில்லை.

கிளப்புக்கு நீண்ட குத்தகை இருந்தால் பேசலாம். இல்லையென்றால் பிடுங்கி எடுத்துப்போகக்கூடிய பொருளுக்குப் பணம் கொடுங்கள். புல் வெட்டும் டிராக்டர், புல்லுக்கு வெளிச்சம் தரும் தள்ளுவண்டி விளக்கு, ஆட்டத்தைப் பதிவு செய்யும் கேமரா இப்படி. பொருளை டிரஸ்டே வாங்கி கிளப்புக்குப் பயன்படுத்தக் கொடுக்கலாம். டிரஸ்ட் பெயர் பொறித்த தகட்டை வண்டியில் அடியுங்கள், சீரியல் நம்பரைக் குறித்து வையுங்கள், இன்சூரன்ஸில் டிரஸ்டை உரிமையாளர் என்று எழுதுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் வந்து ஷெட்டைப் பூட்டும்போது காட்ட அந்தக் காகிதங்கள் வேண்டும். ஃப்ளட்லைட் கம்பத்துக்கு இது செல்லாது. நிலத்தில் ஊன்றியது நிலத்தோடு சேர்ந்துவிடும்.

ஆஃப்சைடு:

டைரக்டர் விஷயத்துக்கு வருகிறேன். சேர்மன் கையெழுத்துக் கேட்பதில் தப்பில்லை. கையெழுத்தே போடாவிட்டாலும் டைரக்டர் ஆனவர் கம்பெனியின் நன்மைக்குத்தான் கடமைப்பட்டவர், அனுப்பிய டிரஸ்டுக்கு இல்லை. கம்பெனி ரகசியத்தை வெளியே விட்டால் சட்டப்படி அவர் மாட்டுவார். ஆகவே "நம்ம ஆள் உள்ளே போனால் எல்லாம் தெரியும்" என்பதை அடுத்த கூட்டத்திலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் ஆறு மாதத்தில் அவரை இரு தரப்பும் சந்தேகப்படும். கிளப்புக்கு அவர் ஒற்றன், உறுப்பினருக்கு அவர் விலைபோனவர்.

இதற்கு நடைமுறை உண்டு. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, கிளப் போர்டும் டிரஸ்ட் குழுவும் கையெழுத்திட வேண்டும். வீரர் சம்பளம், நடக்கும் டிரான்ஸ்ஃபர் பேச்சு, ஊழியர் மீதான நடவடிக்கை, பங்கு விற்பனைப் பேச்சு ஆகியவை சொல்லக்கூடாதவை. டிக்கெட் விலை, மைதான வசதி, பாதுகாப்பு, சமூக வேலை, கணக்கு எப்போது தாக்கலாகும் என்பவை சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் வருவதற்கு, எத்தனை நாளில் யார் முடிவு சொல்வார் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில்தான் சண்டை வரும்.

டிரஸ்ட் சேர்மனும் கிளப் டைரக்டரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. கிளப்பை டிரஸ்ட் கண்டிக்க வேண்டிய நாள் வரும்போது கண்டன அறிக்கையில் கையெழுத்திட வேண்டியவர் அதே முடிவுக்கு உள்ளே ஓட்டுப் போட்டவராக இருப்பார். டைரக்டர் சம்பந்தப்பட்ட விஷயம் டிரஸ்ட் குழுவில் வந்தால் அவர் வெளியே போக வேண்டும், அது மினிட்ஸில் பதிய வேண்டும்.

அடுத்து, இடத்தை யார் கொடுத்தது, யார் பறிக்கலாம். சேர்மன் கடிதத்தில் கொடுத்த இடத்தை 50%-க்கு மேல் பங்கு உள்ளவர் ஒரு சாதாரணத் தீர்மானத்தில் எடுத்துவிடலாம். அதே கம்பெனிச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு. டிரஸ்டுக்கு ஒரு டைரக்டரை நியமிக்கவும் மாற்றவும் உரிமை உண்டு என்பது கம்பெனியின் அமைப்பு விதிகளான ஆர்டிகிள்ஸிலேயே வர வேண்டும். அவரை நீக்கும் தீர்மானத்தில் டிரஸ்டின் பங்குக்குக் கூடுதல் ஓட்டு எடை என்று ஒரு தனி வகைப் பங்கை உண்டாக்கினால் இன்னும் உறுதி. இதைக் கேட்டதும் கிளப் வக்கீல் முகம் சுளிப்பார். அப்படியானால் அவர்கள் தருவது மரியாதைக்கு ஒரு நாற்காலி, அதற்கு 60,000 விலை அதிகம்.

ஸ்வான்ஸீயைப் பாருங்கள். அங்கே டிரஸ்டுக்கு சுமார் 21% பங்கு, போர்டில் தேர்ந்தெடுத்த டைரக்டர், எல்லோரும் முன்மாதிரி என்று காட்டிய கிளப். 2016-இல் மற்ற பங்குதாரர்கள் அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்றபோது டிரஸ்ட் அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. வழக்கு வரை போய் 2022-இல்தான் சமரசம். பெரிய பங்குதாரர் விற்றால் அதே விலைக்கு என் பங்கையும் வாங்க வேண்டும் என்ற உரிமை, எல்லோர் கையெழுத்தும் உள்ள பங்குதாரர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். போர்டில் நாற்காலி இருப்பது அதற்கு ஈடாகாது.

போகிறவருக்கும் சில வார்த்தை. கிளப் டைரக்டருக்கு உரிமையாளர்-டைரக்டர் தகுதிச் சோதனை உண்டு. டிரஸ்ட் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்யும்போதே அந்தச் சோதனைப் படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு வேட்பாளர் உறுதிமொழி தரட்டும். ஜெயித்த பிறகு தகுதியில்லை என்று வந்தால் அசிங்கம். டைரக்டர்களுக்கான பொறுப்புக் காப்பீடு கிளப் எடுத்திருக்கிறதா என்று பாலிசியைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். கிளப் தேறாது என்று தெரிந்தும் கடன் வாங்கி ஓட்டினால் 1986 இன்சால்வென்சி சட்டத்தின் 214-ஆம் பிரிவு எல்லா டைரக்டர் மீதும் பாயும். "நான் ஆதரவாளர் பிரதிநிதி, சம்பளம் வாங்காதவன்" என்பது தப்பிக்கும் வழி இல்லை. மாதாமாதம் வரவுசெலவுக் கணக்கு, அடுத்த 13 வாரப் பணவரத்து மதிப்பீடு, எச்.எம்.ஆர்.சி. பாக்கி ஆகிய மூன்றும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் எழுத்தில் வேண்டும். தராவிட்டால் கேட்டதும் தராததும் மினிட்ஸில் ஏற வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் இல்லையென்றால் பார்வையாளர் இடம் கேளுங்கள். ஓட்டு இல்லை, பொறுப்பும் குறைவு. சின்ன டிரஸ்டுக்கு அதுவே நல்லது.

கிழக்கு ஸ்டாண்ட்:

எல்லோருக்கும் நன்றி. நிலப் பதிவேட்டில் எடுத்துப் பார்த்தேன். பேச்சு உண்மைதான். நிலம் முதலாளியின் சொத்துக் கம்பெனி பெயரில் இருக்கிறது, கிளப் குத்தகைக்காரர். குத்தகையின் நகலைக் கேட்டிருக்கிறோம். இன்னொன்று: டிரஸ்ட் சந்தாவை சீசன் டிக்கெட் படிவத்திலேயே சேர்த்துத் தாங்களே வசூலித்துத் தருவதாக கிளப் சொல்கிறது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறும் என்பதால் குழுவில் பலருக்கு ஆசை.

பருத்தித்துறை லெஃப்ட் பேக்:

காணி விஷயம் நான் சொல்லுறன். பதிவேட்டு நகல் ஒண்டுக்கு இப்ப 7 பவுண்ட். அதில சொந்தக்காரர் பெயரோட நிப்பாட்டாதேங்கோ. கீழ கடன்கள் எண்ட பகுதியை வடிவாகப் பாருங்கோ. காணியை ஈடு வைச்சு ஆர் காசு வாங்கினது எண்டது அங்க கிடக்கும். வரைபடத்தையும் தனியா எடுங்கோ. கார் பார்க்கும் பயிற்சி மைதானமும் வேற நம்பரில கிடக்கிறது வழமை.

எல்லாரும் முதல் சொல்லுறது "சமூகப் பெறுமதியுள்ள சொத்து" எண்டு கவுன்சிலில பதியுங்கோ எண்டுதான். 2011 லோக்கலிசம் சட்டத்தில வந்தது. பதியத்தான் வேணும், ஆனால் அது எவ்வளவு தூரம் காக்கும் எண்டு விளங்கிக்கொண்டு பதியுங்கோ. உங்கட டிரஸ்ட் பதிவான சமூக நலச் சங்கம் எண்டால் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதிவில்லாத குழு எண்டால் உள்ளூர் வாக்காளர் 21 பேர் வேணும். எல்லைக்கோடு போட்ட வரைபடம், சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் ஆர், மைதானம் ஊருக்கு என்ன பயன் எண்ட விளக்கம், எல்லாம் சேர்த்துக் குடுங்கோ. விளக்கத்தில கால்பந்தை மட்டும் எழுதினால் பலவீனம். பிள்ளைகளின்ர பயிற்சி, மண்டபத்தில நடக்கிற கூட்டங்கள் எல்லாத்தையும் திகதியோட எழுதுங்கோ. கவுன்சில் 8 கிழமைக்குள்ள முடிவு சொல்ல வேணும். பதிவு 5 வருஷம் நிற்கும், பிறகு திரும்பப் போட வேணும். கன டிரஸ்டுகள் அந்தத் திகதியைக் கோட்டை விடுறது.

சொந்தக்காரர் விற்க வெளிக்கிட்டால் கவுன்சிலுக்கு அறிவிக்க வேணும். 6 கிழமைக்குள்ள நீங்கள் விருப்பம் தெரிவிச்சால் மொத்தம் 6 மாசம் விற்பனை நிற்கும். அதுக்குள்ள காசு திரட்டிக் கேட்கலாம். ஆனால் உங்களுக்குத்தான் விற்க வேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை.

ஓட்டை எங்க எண்டால், காணி வைச்சிருக்கிற கம்பெனியின்ர பங்கை விற்றால் இந்தச் சட்டம் அசையாது. ஒரே குழுமக் கம்பெனிகளுக்குள்ள மாற்றினாலும் அசையாது. இன்னொண்டு, ஆள் இல்லாமல் வெறுமையாகக் கைமாறுற விற்பனைக்கும், 25 வருஷமோ கூடவோ குடுக்கிற புதுக் குத்தகைக்கும்தான் இது. கிளப் குத்தகையில இருக்கேக்க அப்பிடியே காணியை வேற ஆளுக்கு வித்தால் அது வெறுமையான விற்பனை இல்லை. உங்கட நிலைமையில இதுதான் முக்கியம்.

2025 ஜூலையில நிறைவேறின ஃபுட்பால் கவர்னன்ஸ் சட்டம் இதைவிடப் பலம். முதல் ஐஞ்சு படியில இருக்கிற கிளப்புகளுக்கு அது பொருந்தும், நேஷனல் லீக் மேல்பிரிவும் அதுக்குள்ள வரும். சொந்த மைதானத்தை விற்கவோ ஈடு வைக்கவோ, வேற மைதானத்துக்கு இடம் மாறவோ புது ஒழுங்குமுறை அமைப்பின்ர அனுமதி வேணும். சின்னத்தையும் வீட்டுச் சட்டை நிறத்தையும் மாற்ற ஆதரவாளரின்ர பெரும்பான்மை வேணும். விதிகள் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருது. ஏற்கெனவே கைவிட்டுப் போன காணியை அது திரும்ப வாங்கித் தராது.

உண்மையில காக்கிறது காணி உறுதிப் பத்திரத்தில இருக்கிற உரிமைதான். செல்சீயில 1993-இல தொடங்கின, ஆதரவாளர்கள் பங்கு வைச்சிருக்கிற பிட்ச் ஓனர்ஸ் கம்பெனியிட்டத்தான் கிளப்பின்ர மைதானமான ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜின்ர காணி கிடக்கு. 2011-இல கிளப் அதைத் திரும்ப வாங்கக் கேட்டது. 75% ஓட்டு வேணும், 61.6%தான் கிடைச்சது, விஷயம் அதோட நிண்டுது. உங்களால காணி வாங்க ஏலாது. ஆனால் 60,000 குடுக்கேக்க "விற்கிறதெண்டால் முதல் டிரஸ்டுக்குச் சொல்ல வேணும்" எண்ட முன்கொள்வனவு உரிமையைக் கேட்டு வாங்கிப் பதிவேட்டில ஏற்றலாம். சொலிசிட்டர் இல்லாமல் இதைச் செய்யாதேங்கோ.

மைதானம் கைவிட்டால் என்ன ஆகும் எண்டதுக்கு விம்பிள்டனைப் பாருங்கோ. 1991-இல பழைய ப்ளவ் லேனை விட்டிட்டு செல்ஹர்ஸ்ட் பார்க்கில வாடகைக்கு இருந்த கிளப். 2002-இல வேற ஊரான மில்டன் கீன்ஸுக்குப் போக அனுமதி கிடைச்சிட்டுது. ஆதரவாளர்கள் புதுசாக ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, திரும்ப ப்ளவ் லேனில சொந்த மைதானத்தில ஆடினது 2020 நவம்பரில.

கணக்குப்பிள்ளை:

சந்தாவை கிளப் வசூலிப்பது பற்றி. ஆசை புரிகிறது, எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணம் முதலில் கிளப்பின் வங்கிக் கணக்கில் விழும். மே, ஜூனில் வசூலித்ததை செப்டம்பரில் தருகிறோம் என்பார்கள். கோடையில் ஆட்ட வருமானம் இல்லாத கிளப்புக்கு அது வட்டியில்லாக் கடன். நடுவில் கிளப் நொடித்தால் உங்கள் சந்தா அவர்கள் பணத்தோடு கலந்துபோய், நீங்கள் மறுபடி அதே பேக்கரிக்காரர் வரிசையில்தான். படிவத்தில் டிரஸ்டைப் பற்றி ஒரு பத்தியும் டிரஸ்டின் சொந்த டைரக்ட் டெபிட் பக்கத்துக்கு ஒரு க்யூ.ஆர். கோடும் போடச் சொல்லுங்கள், அது போதும். கிளப்தான் வசூலிக்க வேண்டும் என்றால் டிரஸ்ட் பணத்துக்கென்று தனிக் கணக்கு, மாதம் ஒருமுறை பட்டியலோடு சரிபார்த்து அனுப்புவது என்று எழுதி வாங்குங்கள்.

படிவத்தில் டிக் அடித்தவர் எல்லாம் உறுப்பினர் ஆகிவிட மாட்டார். பங்கு ஒதுக்கி, பெயர் முகவரியோடு சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் ஏறினால்தான் ஓட்டு உண்டு. கிளப் அனுப்பும் எக்செல் ஷீட்டில் பாதிப் பேருக்கு ஈமெயில் மட்டும் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்து ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி ஒரு நெருக்கமான தீர்மானம் நிறைவேறினால், தோற்ற பக்கம் கேட்கும் முதல் கேள்வி "இவர்கள் உறுப்பினரா?" என்பதுதான். முன்கூட்டியே டிக் அடித்த கட்டமும் கூடாது, தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அது சம்மதம் ஆகாது. அதே போல உங்கள் உறுப்பினர் பட்டியலை கிளப்பின் மார்க்கெட்டிங் ஆளுக்குக் கொடுக்க வேண்டாம், எவ்வளவு நட்பாகக் கேட்டாலும்.

எஃப்.சி.ஏ.வுக்கு ஆண்டறிக்கை, நிதியாண்டு முடிந்த 7 மாதத்துக்குள் போக வேண்டும் என்பதையும் பாருங்கள். அதை மறந்து பதிவை ரத்து செய்துகொண்ட டிரஸ்ட் கிளப்பிடம் எதைப் பேசும்?

டச்லைன்:

ஒரு எதிர்க்கருத்து. மேலே படித்தால் கிளப் என்றாலே எதிரி என்று தோன்றுகிறது. எக்ஸ்டரில் 2003-லிருந்து டிரஸ்டே பெரும்பான்மைப் பங்குதாரர், இன்றும் லீகில் ஆடுகிறார்கள். போர்ட்ஸ்மத்தில் 2013-இல் ஆதரவாளர்கள் ஆளுக்கு 1,000 பவுண்ட் பங்கு போட்டு கிளப்பை மீட்டார்கள், 2017-இல் கடன் தீர்ந்த நிலையில் பங்குதாரர் ஓட்டெடுப்பு நடத்தி விற்றார்கள். ரெக்ஸம் டிரஸ்ட் 2011 முதல் பத்து வருடம் கிளப்பை நடத்தியது. 2020 நவம்பரில் 98.6% ஓட்டோடு இன்றைய முதலாளிகளுக்குக் கைமாற்றச் சம்மதித்தது. பணம் கொடுப்பதும் கைமாற்றுவதும் தப்பில்லை, அவர்கள் எல்லாம் ஓட்டெடுத்துச் செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

சேர்மனோடு உறவு கெடாமல் இருக்க ஒரு சின்ன வழக்கம் உதவும். கிளப்பைப் பற்றி அறிக்கை விடுமுன் அதில் உள்ள தகவல்களை மட்டும் 24 மணி நேரம் முன்னால் அனுப்பி, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கருத்தைத் திருத்த இடம் கொடுக்காதீர்கள். சேர்மன் கோபப்பட்டாலும், "பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்" என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருக்காது.

கிழக்கு ஸ்டாண்ட்:

குத்தகை நகல் வந்தது. இன்னும் 14 வருடம் பாக்கி. ஆனால் 2029-க்குப் பிறகு எந்தத் தரப்பும் 6 மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது.

டச்லைன்:

அப்படியானால் 14 வருடக் குத்தகை என்று நினைக்காதீர்கள், 2029 வரைக்கும்தான் உறுதி. அந்த விதியை நிலக்காரர் தரப்பில் நீக்கி, குத்தகையை 25 வருடமாக்கிப் பதிந்தால் வடிகாலுக்குப் பணம் உண்டு என்று பதில் எழுதுங்கள். ஃபுட்பால் ஃபவுண்டேஷன் போன்ற மானியம் தருபவர்களும் நீண்ட குத்தகைதான் கேட்பார்கள். ஆகவே இது டிரஸ்டின் பிடிவாதம் என்று சொல்ல முடியாது, கிளப்புக்கே மற்ற இடத்தில் பணம் கிடைக்க அதுதான் வழி. மறுத்தால் டிராக்டர் வாங்கிக் கொடுங்கள், மீதி டிரஸ்ட் கணக்கில் இருக்கட்டும்.

ஆஃப்சைடு:

குத்தகைக்காரரும் நிலக்காரரும் ஒரே முதலாளி என்பதால் அந்தத் திருத்தத்துக்கு கிளப் போர்டில் ஓட்டெடுக்கும்போது அவர் தன் இரட்டை நலனை அறிவிக்க வேண்டும். மினிட்ஸ் நகல் கேளுங்கள். வாடகை எவ்வளவு, கடைசியாக எப்போது ஏறியது என்பதும் அதோடு வரட்டும்.

கணக்குப்பிள்ளை:

அந்த வாடகை கணக்கில் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்கவாவது ஆடிட் கேட்கும் அந்த 476-ஆம் பிரிவுக் கடிதத்தை அனுப்புங்கள். நிதியாண்டு முடிய ஒரு மாதத்துக்கு முன்னால் கிளப்புக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் கிளப்பின் ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது என்றால் மே 30 கடைசி நாள். தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் பதிவு அலுவலக முகவரியில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.